திரையை விலக்கச் சொல்வோருக்கு

கடந்த வாரம் எனக்கு நீண்ட மடல் ஒன்று வந்தது. எழுதியவர் மண்டூரில் பிறந்தவர்; போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் பெயர்ந்து, இன்று ஐரோப்பிய நாடொன்றில் வாழ்கிறார். என் பத்திரிகை எழுத்துகளை இளமை முதலே வாசித்து வருபவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். மகிழ்ச்சி. ஆனால் அவர் என்னிடம் வைத்த இரண்டு வேண்டுகோள்களையும் நான் ஏற்பதற்கில்லை.

முதலாவது: மண்டூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆவணித் திருவிழாவில் ஒருநாளேனும் மூலத்தானத்துத் திரையை விலக்கி, உள்ளிருப்பதைக் கமராவில் பதிவுசெய்து, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஊரவர் காணச் செய்ய வேண்டும். அதற்கு ஆதரவாக மூத்த பத்திரிகையாளனாகிய நான் எழுத வேண்டும். இரண்டாவது: வேல், மயில், சேவல், திரை, வாய்கட்டு ஆகிய ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். தம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடைசொல்ல அது உதவுமாம்.

அன்பரின் ஏக்கம் எனக்கு விளங்குகிறது. அதை எள்ளி நகையாட மாட்டேன். ஆயினும் மறுப்பைத் தனிமடலில் முடிக்காமல் இங்கே விரித்து எழுதுகிறேன். காரணம், இந்த இரண்டு வேண்டுகோளும் உண்மையில் ஒன்றே. திரையை விலக்கு என்பதும், அர்த்தத்தைச் சொல் என்பதும் ஒரே ஆசையின் இரு முகங்கள். இந்த ஆசை அவர் ஒருவருக்கு உரியதன்று. நம் காலத்துத் தமிழர் பெரும்பாலோரைப் பிடித்திருக்கிறது. நம் சிற்பத்தையும் ஓவியத்தையும் மெல்லமெல்லக் கொன்றுகொண்டிருக்கிறது.

மண்டூரை அறியாத வாசகருக்குச் சில வார்த்தைகள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாய்க் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. கதிரவன் எழும் கரையும் படும் கரையும். எழுவான்கரைக் குருமண்வெளியில் ‘பாதை’ ஏறினால் மண்டூர்த் துறை. பாதை என்றால் தெருவன்று. மனிதரையும் வண்டிகளையும் சுமந்து வாவியைக் கடக்கும் மிதவைக்கு மட்டக்களப்பார் இட்ட பெயர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம், திருக்கோயில் சித்திரவேலாயுதர் கோயில் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் தேசத்துக்கோயில் இது. சின்னக் கதிர்காமம் என்றும் சொல்வர்.

இங்கே பூசை செய்பவர் கப்புகனார். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். திரை மூடியே இருக்கும். பெரிய கதிர்காமத்திலும் இதுவே முறை. அங்கே அடியவர் காண்பது, மயில்மீது இரு தேவியரோடு வீற்றிருக்கும் முருகனை எழுதிய சீலையை மட்டுமே. ஆடித் திருவிழாவில் யானைமீது பவனி வருவதும் மூடிய பேழைதான். அதனுள் யந்திரம் இருக்கிறது என்பர். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலும் வாய்கட்டிப் பூசை உண்டு.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். உள்ளே சென்று காண்பவர் பேச முடியாது. வெளியே நின்று பேசுபவர் காண முடியாது. கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்று நாம் பழமொழியாக உதிர்க்கிறோமே, அதை ஒரு துண்டுத் துணியாலும் ஒரு திரைச்சீலையாலும் கண்முன்னே நடத்திக் காட்டுகிறது மண்டூர். இதைவிடச் சிக்கனமான கலைப்படைப்பு ஒன்றை நான் எந்தக் காட்சிக்கூடத்திலும் கண்டதில்லை.

இங்கே என் பழைய பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு திருவிழாக் காலத்தில் மண்டூருக்கு அனுப்பப்பட்டேன். இருபத்து மூன்று வயது. மூடியதெல்லாம் என்னைக் கேட்டுத்தான் மூடியிருக்க வேண்டும் என்று எண்ணும் வயது. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டவர் போனவரையெல்லாம் துருவினேன். ஒருவர் வேல் என்றார், ஒருவர் பேழை என்றார், ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். மூன்றையும் சேர்த்து மர்மக்கதை போல ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு, ‘மண்டூர்த் திரைக்குப் பின்னால்...’. மூன்று புள்ளிகளும் என் கைச்சரக்கே. கட்டுரை நன்றாக ஓடியது, ஆசிரியபீடத்தில் பாராட்டினார்கள்.

அடுத்த ஆண்டு மீண்டும் போனபோது, பாதையில் என்னருகே நின்ற முதியவர் ஒருவர் என்னை இனங்கண்டுகொண்டார். கோபிக்கவில்லை. “நீங்க எழுதினத வாசிச்சன் மனே. திரைக்குள்ள என்ன எண்டு எழுதியிருந்தீங்க. திரையில என்ன எண்டு எழுதல்லியே?” என்றார். பாதை கரை சேரும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று கோயிலில் முதன்முறையாகத் திரையைப் பார்த்தேன். அதற்கு முன்பெல்லாம் அதன் ஊடாகப் பார்க்கவே முயன்றிருக்கிறேன். காற்றில் அது மெல்ல அசைவதை, உள்விளக்கின் ஒளி அதன் ஓரங்களில் கசிவதை, மணியோசை எழும்போது அதன் முன் நின்ற பெண்கள் கண்ணை மூடிக்கொள்வதை அன்றுதான் கண்டேன். காண வந்தவர்கள், மணி ஒலித்த கணத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்! இதற்கு நான் எந்த மர்மக்கதையில் விளக்கம் எழுதுவது?

இனி, அன்பரின் பட்டியலுக்கு வருவோம்.

வேல் என்றால் அறிவு. அதன் நீளம் ஆழத்தையும், அகலம் விரிவையும், முனை கூர்மையையும் குறிக்கும். மயில் அடங்கிய ஆணவம். சேவல் விடியல். வள்ளி இச்சை, தெய்வானை கிரியை. இவை எனக்கும் தெரியும். சமயபாட நூல்களில் வருகின்றன. திருவிழா மலர்களில் ஆண்டுதோறும் மறுபதிப்பாகின்றன. இன்று கைபேசிகளில் காலை வணக்கத்தோடு வந்து விழுகின்றன. இவை பொய் என்று நான் சொல்லவில்லை. இவற்றுள் சில ஆழ்ந்த சிந்தனையாளர் தந்தவை. என் கேள்வி வேறு. வேல் என்பதன் பொருள் அறிவுதான், அதற்கு மேல் ஏதுமில்லை என்றால், மூலத்தானத்தில் ‘அறிவு’ என்று எழுதிய பலகையை மாட்டிவிடலாமே? கொல்லனும் வேண்டாம், சிற்பியும் வேண்டாம். பெயர்ப்பலகை எழுதுபவர் போதும்.

குறியீடு என்னும் சொல்லை நாம் கையாளும் விதமே பிழை. இது இதைக் குறிக்கும் என்று சொன்னவுடன் உருவம் வெறும் உறையாகிவிடுகிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையைக் கிழித்தெறிவது போலப் பொருளை எடுத்துக்கொண்டு உருவத்தை எறிந்துவிடுகிறோம். பிறகு அந்த உருவம் நன்றாக வடிக்கப்பட்டதா, கோணலாக வடிக்கப்பட்டதா என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இருப்பதில்லை. ஐந்நூறு ஆண்டுப் பழமையுள்ள கருங்கற்றூணின்மேல் மினுமினுக்கும் எனாமல் வண்ணம் பூசுகிறவர் மனத்தில் கலைமீது பகை ஏதுமில்லை. தூண் எதைக் ‘குறிக்கிறதோ’ அது வண்ணம் பூசினாலும் குறிக்கும் அல்லவா என்பதே அவர் கணக்கு. விளக்கப் பட்டியல் எழுதுபவரும் எனாமல் வாளி ஏந்துபவரும் கூட்டாளிகள். இருவரும் உருவத்தைப் பார்ப்பதில்லை.

நடராச வடிவத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1975இல் பிரிட்ஜோப் காப்ரா எழுதிய நூல் ஒன்று துகள் இயற்பியலையும் சிவதாண்டவத்தையும் ஒப்பிட்டது. 2004 ஜூனில் இந்திய அரசு அன்பளித்த நடராசர் சிலை ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் திறந்து வைக்கப்பட்டது. அழகான நிகழ்வுதான். அதன்பின் நம்மவர் சொற்பொழிவுகளில் நடராசர் அணுவின் வரைபடமாகிவிட்டார். சோழர் காலத்துக் கம்மியர் மெழுகில் வடித்துச் செம்பில் வார்த்த அந்த இடையின் வளைவும், தூக்கிய திருவடியின் சமநிலையும் எவர் கண்ணிலும் படுவதில்லை. ‘அன்றே நம் முன்னோர் அறிந்திருந்தனர்’ என்ற ஒரு வாக்கியம் போதுமாகிவிட்டது. சிலையைக் காண அஞ்சுகிறவர்கள் கண்டுபிடித்த வழி இது.

இவ்விடத்தில் ஒருவர் குறுக்கிட்டு, ஆனந்த குமாரசுவாமி மட்டும் என்ன செய்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1877இல் கொழும்பில் பிறந்து, 1917 முதல் பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தில் பணியாற்றி, 1947இல் மறைந்த அப்பெருமகன், நடராச வடிவத்தின் பொருளை உலகுக்கு எடுத்துரைத்தவர். 1918இல் வெளிவந்த அவருடைய ‘சிவ நடனம்’ தொகுப்பை நானும் போற்றுகிறேன். ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. நம் சிற்பி புறத்தே உள்ள ஒன்றைப் பார்த்து நகலெடுப்பதில்லை; தியானத்தில் அகத்தே கண்டதையே வடிக்கிறான்; அவ்வுருவம் வழிபடுவோனுக்கு யந்திரம் போன்றது என்று வற்புறுத்தினார். யந்திரத்தை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. அதில் மனத்தை நிறுத்துகிறார்கள். அவரை நுனிப்புல் மேய்ந்தவர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு தியானத்தை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பட்டியலையும் ஒழுங்காகப் படித்தார்களா என்றால் அதுவும் இல்லை. சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய உண்மை விளக்கம், ஆடல்வல்லான் வடிவில் ஐந்தொழிலைக் காட்டுகிறது. துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய திருவடியில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள். உடுக்கையையும் தீயையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவோர் ஊன்றிய காலை ஒரு வரியில் கடந்துவிடுவர். ஆனால் அந்தக் கால்தான் முழு வடிவையும் தாங்குகிறது. மறைத்தல் இறைவன் தொழில் என்று சித்தாந்தம் சொல்வது சாதாரணக் கூற்றன்று. மறைப்பும் அருளின் ஒரு வகையே. உயிர் பக்குவப்படும்வரை அது திரையிட்டுக் காக்கிறது என்பது அதன் உட்கிடை. மண்டூர்த் திரை எதைக் குறிக்கிறது என்று கேட்கும் அன்பரே, அது எதையும் குறிக்கவில்லை. மறைக்கிறது. அந்த நான்காம் தொழிலை அது செய்தே காட்டுகிறது.

இது ஏதோ ஈழத்தின் ஒரு மூலையில் ஒதுங்கிய விநோதம் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்க் காட்சிக்கலையின் பெருவழியே இது. நாம் ஓவியத்துக்கு வழங்கும் ‘படம்’ என்ற சொல்லுக்குத் துணி என்றும் பொருள் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூவகைத் திரைகள் பேசப்படுகின்றன. காட்சி தொடங்கும் முன்னரே திரைக்கு இலக்கணம் வகுத்த மரபு அது. அந்த அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளை ஆராய்ந்து யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகள், மண்டூர் வாவிக்கு அப்பால், காரைதீவில் பிறந்தவர் என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

சிதம்பரத்தில் திரையை நீக்கினால் தெரிவது பொன் வில்வமாலையும் வெளியும். வடலூரில் 1872 தைப்பூசத்தன்று தொடங்கிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகளுக்கு அப்பால் சோதி. மட்டக்களப்பின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கதவு திறந்து, குளிர்த்தியோடு மீண்டும் மூடுகிறார்கள். ஆண்டெல்லாம் மூடிய கதவின் பாரம் அந்தச் சில நாள்களின் காட்சியில் இறங்குகிறது. எப்போதும் திறந்திருக்கும் கதவைத் திறப்பதற்கு விழா எடுக்க முடியுமா?

வள்ளலாரே ஏழு திரைகளுக்கும் விளக்கம் சொன்னாரே என்று கேட்பீர்கள். சொன்னார். சொன்ன பிறகும் திரைகளைத் தொங்கவிட்டாரே! விளக்கம் போதுமென்றால் ஏழு நிறத் துணி எதற்கு? அவருடைய விளக்கம் வழிப்போக்கனுக்குத் தந்த கைவிளக்கு. நாமோ விளக்கைப் பெற்றுக்கொண்டு பயணத்தை ரத்துச் செய்துவிட்டோம்.

மண்டூருக்குத் தில்லை மண்டூர் என்றும் பெயர். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லை. உப்புநீர்க் கரையில் வளரும் கண்டல் வகை மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை சிலகாலம் மங்கிப்போகும். காட்டில் தடியெடுப்போர் அஞ்சும் மரம். நம் முன்னோர் பார்வையைப் பறிக்கும் மரத்தின் காட்டிலேயே காட்சிக்குரிய தெய்வத்தை இருத்தினார்கள். இதற்கும் நான் ‘பொருள்’ சொல்லப் போவதில்லை. நீங்களே அந்த மரத்தின் அருகே போய் நில்லுங்கள்.

மறுதரப்பின் வலுவான வாதங்கள் இரண்டு உள்ளன. அவற்றுக்கு விடை சொல்லாமல் நழுவினால் நான் பத்திரிகையாளன் அல்லன்.

முதலாவது, ஆகமத்தின் பேரால் வருவது. திரைப்பூசை, வாய்கட்டு, மந்திரமில்லாத வழிபாடு எல்லாம் விதிக்குப் புறம்பு. திருத்த வேண்டும் என்பது. ஆறுமுக நாவலர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலே ஆகமப்படி அமையவில்லை என்று வாதாடியவர். அவருடைய தமிழுக்கும் நேர்மைக்கும் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நல்லூரில் வேல் இன்றும் மூலத்தானத்தில் இருக்கிறது. மக்கள் அதன் முன்னேதான் நிற்கிறார்கள். சைவமே இறைவடிவை உரு, அருவுரு, அரு என மூன்றாகப் பகுத்துக்கொண்ட சமயம். அருவத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும் மண்டூரைக் குறைபட்ட கோயில் என்று சொல்ல அந்தப் பகுப்பே இடந்தராது.

இரண்டாவது வாதம் என் நெஞ்சைத் தொடுவது. மறைப்பு அதிகாரத்தின் ஆயுதமல்லவா? கோயில் வாசல்களில் மனிதரைத் தடுத்த சாதியும் ஒரு மறைப்புத்தானே? ஆம். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக நடந்த போராட்டத்தை மறந்தவன் அல்லன் நான். மட்டக்களப்புத் தேசத்துக்கோயில்களிலும் யார் முன்னே, யாருக்கு எந்த வரிசை என்ற குடிமைப் போட்டிகள் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விட்டேக்கர் 1980களில் மண்டூரில் தங்கி ஆராய்ந்து, 1999இல் ஒரு நூலே வெளியிட்டார். அது திரைக்கு உள்ளே உள்ளதைப் பற்றிய நூலன்று. திரைக்கு வெளியே நின்ற மனிதர்களின் வரலாறும் வழக்குகளும் பற்றியது. அந்த வழக்குகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வரட்டும். எழுதுங்கள், கேள்வி கேளுங்கள். மதிலை இடியுங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் மதில் வேறு, திரை வேறு. மதில் ஒருவனை உள்ளே விட்டு இன்னொருவனை வெளியே நிறுத்துகிறது. திரை, செல்வனையும் ஏழையையும் ஒரே துணியின் முன் நிறுத்துகிறது. வண்ணக்கரானாலும் வழிப்போக்கரானாலும் அத்துணியின் முன் ஒன்றே. உள்ளே செல்லும் ஒருவரும் வாயைக் கட்டிக்கொண்டே செல்கிறார்.

திரையைக் கிழிப்பதே என் தொழிலாக இருந்தது. அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களை நான் அறிவேன். ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். கொலையை மறைக்கும் திரையை யார் போட்டாலும் கிழிக்க வேண்டும். ஒரு குற்றத்தை மறைப்பதும் ஒரு புனிதத்தை மறைப்பதும் ஒன்றென்று எண்ணுபவருக்கு இரண்டையும் தெரியாது.

இதோடு தொடர்புள்ள ஒரு காட்சி. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரங்களில் தம் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்தார்கள். அந்தப் படங்களைப் பற்றி வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றின் கையேட்டில் ‘இழப்பின் குறியீடு’ என்று எழுதியிருந்ததைக் கண்டேன். வாசித்ததும் உடம்பு எரிந்தது. அந்தத் தாயிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அம்மா, உங்கள் கையிலிருப்பது ஒரு குறியீடு என்று. அவள் கையிலிருப்பது அவள் மகன். மழை தூறினால் சேலைத் தலைப்பால் அந்தப் படத்தைப் போர்த்துகிறாளே, நனைவது கடதாசி என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் போர்த்துகிறாள்.

மண்டூர்த் திரைமுன் நிற்கும் கிழவிக்கும் வேல் முருகனின் குறியீடு அன்று. வேல்தான் முருகன். இதைப் பாமரத்தனம் என்று படித்தவர்கள் சொல்லலாம். கலையின் முதற்பாடமே இதுதான் என்கிறேன் நான். உருவத்துக்குள் பொருள் ஒளிந்திருப்பதில்லை. உருவத்தோடு பிணைந்து கிடக்கிறது, உடலில் உயிர் போல. பிரித்தெடுத்துக் காட்டு என்றால் கையில் எஞ்சுவது பிணம்.

நவீன ஓவியர்களுக்கும் இது தெரிந்திருந்தது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னைக்கு அருகே சோழமண்டல ஓவியர் கிராமம் 1966இல் உருவாக முன்னின்ற கே. சி. எஸ். பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற தொடரை வரைந்தார். சாதகக் கட்டங்கள், கணக்குகள், எழுத்துகள் எல்லாம் அதில் நிறைந்திருக்கும். ஆனால் அந்த எழுத்தை எவராலும் வாசிக்க முடியாது. எழுத்துப்போல் தோன்றும், எழுத்தன்று. தலைப்பிலேயே குறியீடு என்று வைத்துவிட்டு, அதைப் பெயர்த்துச் சொல்லும் வழியை அடைத்துவிட்டார் அந்த மனிதர். வாசிக்க முடியாமற் போனதும் பார்வையாளன் வேறு வழியின்றிப் பார்க்கத் தொடங்குகிறான்.

நாமோ பார்ப்பதைக் கைவிட்டு அளக்கத் தொடங்கிவிட்டோம். 2006இல் மலேசியப் பத்துமலையில் 140 அடி முருகன் எழுந்தார். 2022இல் சேலம் மாவட்டத்தில் 146 அடி முருகன் எழுந்தார். ஆறு அடி வித்தியாசம். அடுத்து எந்த ஊரில் எத்தனை அடியோ? பத்துமலைக்குச் செல்லும் அடியவரின் பக்தியை நான் குறைசொல்லவில்லை. காவடியோடு படியேறும் உழைப்பாளியின் வியர்வை எனக்கும் புனிதமே. ஆனால் நெடுந்தெருவில் விரையும் வண்டியிலிருந்தே முழுவதும் தெரிந்துவிடும் உருவத்திடம் நெருங்கிச் செல்வதற்கு என்ன இருக்கிறது? மண்டூரில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றும் தெரியாதிருக்கிறானே ஒருவன், அவனிடம் அல்லவா மனம் போய் நிற்கிறது?

ஆகவே அன்பரே, கமராவுக்கு நான் பரிந்துரை எழுத மாட்டேன். கமரா உள்ளே போனால் தெய்வம் கோபிக்கும் என்று அஞ்சி இதைச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் பத்து விநாடி பார்ப்பார்கள், ‘இவ்வளவுதானா?’ என்று விரலால் தள்ளிவிட்டு அடுத்த காட்சிக்குப் போவார்கள். அதன்பின் மண்டூரிடம் அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. இப்போது அவர்களிடம் ஒரு கேள்வியாவது இருக்கிறது. ‘உள்ளே என்ன?’ என்ற அந்தக் கேள்வி நீங்கள் அவர்களுக்கு விட்டுச்செல்லக்கூடிய நல்ல முதுசம். அதை ஒரு காணொளிக்கு விற்றுவிடாதீர்கள்.

செய்யக்கூடியவை வேறு பல உண்டு. தமிழகத்தில் கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக்கருப்பூர் மரபிலே கோயில்களுக்குரிய தொம்பை, வாசல்மாலை, அஸ்மானகிரி விதானம் முதலியவற்றைக் கையால் எழுதும் கலைஞர் சிலர் இன்றும் உள்ளனர். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, இரும்புத்துருவும் வெல்லமும் ஊறிய கருஞ்சாற்றைத் தூரிகைக்கோலில் தோய்த்துக் கோடிழுக்கும் வேலை. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஒரு குறியீட்டை மட்டும் நான் எதிர்க்கவில்லை! ஒருகாலத்தில் மன்னாரும் யாழ்ப்பாணமும் சாயவேருக்குப் பேர்போனவை. நம் கோயில்களில் இன்று தொங்கும் அச்சடித்த பாலியெஸ்டர்ச் சீலைகளுக்குப் பதிலாக, ஒரு திரையையேனும் கையால் எழுதுவிக்கலாம். நம் இளைஞர் ஒருவர் அந்தக் கைவேலையைக் கற்றுவர வழிசெய்யலாம். கமராவுக்குச் சேர்க்கும் பணம் அதற்குப் போதும்.

பிள்ளைகளுக்குப் பட்டியலும் வேண்டாம். அடுத்த ஆவணிக்கு அவர்களைக் கூட்டிவாருங்கள். குருமண்வெளித் துறையில் நின்று வாவியைப் பார்க்கட்டும். மண்டூரில் இறங்கி, தில்லை மரம் எது என்று ஊரவரைக் கேட்கட்டும். சனத்தோடு சனமாகத் திரைமுன் நிற்கட்டும். மணி ஒலிக்கும்போது பக்கத்தில் நிற்கும் கிழவி கண்ணை மூடிக்கொள்வதை அவர்கள் காண்பார்கள். “ஏன் அப்பா, பார்க்க வந்துவிட்டுக் கண்ணை மூடுகிறார்கள்?” என்று கேட்பார்கள்.

அப்போது நீங்கள் விடை சொல்லாதீர்கள். நீங்களும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.